பதினான்காம் கேள்வி

வாகினிக்குத் தமிழ் தெரியாது என்று யாராவது சொன்னால் அவளுடைய அப்பா இராசலிங்கம் சண்டைக்கே போய்விடுவார். மனிதர் பன்னிரண்டு வருடமாக மாத்தளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை பார்க்கிறார். ஆனாலும் அவர் வீட்டுப் பேச்சு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலை விட்டு ஓரடி நகரவில்லை. மகள் யாழ்ப்பாணத்தில் பட்டம் முடித்துவிட்டு இரண்டு வருடத்துக்கு முன்தான் அவரிடம் வந்து சேர்ந்தாள். மாவட்டத்தில் யார் யாருக்கு இருதய நோய் வருகிறது, எதனால் வருகிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கும் ஆய்வு ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது.

ஆய்வுப் படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் இருந்தது. "மாத்தளை முஸ்லிம் ஆக்களுக்கெல்லாம் சிங்களம் நல்லாத் தெரியும், அது போதும்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். வாகினிக்கு வந்ததே கோபம். எழுந்து நின்று, நோயைப் பற்றிக் கேட்பதானால் ஒருவரிடம் அவர் வீட்டு மொழியில்தான் கேட்க வேண்டும் என்று முகம் சிவக்கப் பேசினாள். அவள் பேசியதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல மனம் வலிக்கிறது.

சரி, நீங்களே மொழிபெயருங்கள் என்று அவள் தலையிலேயே கட்டினார்கள். மூன்று நாளில் முடித்துக் கொடுத்தாள். இணைப்பாளர் நிமலன் வாசித்துப் பார்த்து, "அருமையான தமிழ், ஒரு எழுத்தும் மாத்தத் தேவையில்லை" என்றார். நிமலனுக்குச் சொந்த ஊர் சாவகச்சேரி, அதுவும் யாழ்ப்பாணம்தான். கோண்டாவில் எழுதியதைச் சாவகச்சேரி திருத்தினால் பிழை எப்படிக் கண்ணில் படும்? இருவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். படிவம் அச்சுக்குப் போனது.

முஸ்லிம் ஊர்களுக்கு அவளுக்குத் துணையாக வந்தவள் ஸரீனா. அந்த ஊர்க்காரி, வீட்டில் தையல் வேலை, வாரத்தில் மூன்று நாள் சுகாதாரத் தொண்டு. முதல் நாளே ஸரீனா ஒரு வீட்டு வாசலில் நின்று, "தாத்தா, கொஞ்சம் வெளிய வாங்க" என்று குரல் கொடுத்தாள். முக்காட்டைச் சரிசெய்தபடி ஒரு நடுவயதுப் பெண் வெளியே வந்தார். வாகினிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மூத்த சகோதரியை இங்கே தாத்தா என்றும் அண்ணனை நானா என்றும்தான் கூப்பிடுவோம் என்று ஸரீனா விளங்கப்படுத்தினாள். அன்றைக்கே வாகினி யோசித்திருக்க வேண்டும். ஒரு சொல் இப்படி ஆளையே மாற்றுமென்றால், தன் படிவத்தில் இன்னும் எத்தனை சொற்கள் என்னென்ன செய்கின்றனவோ என்று. யோசிக்கவில்லை. சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

யஹ்யாவின் வீடு வீதிக்கு மேலே, மலைச்சரிவில் வெட்டிய அறுபது படிகளுக்கு அப்பால் இருந்தது. மனிதருக்கு ஐம்பத்து நான்கு வயது. நாவுலயில் தோட்டக்காரர்களிடம் மரக்கறி சேர்த்து, விடியுமுன் தம்புள்ளைச் சந்தைக்கு லொறியில் ஏற்றிப் போகிறவர். வெள்ளிக்கிழமை மட்டும் போவதில்லை. வாகினியும் ஸரீனாவும் அங்கே போன வெள்ளிக்கிழமை அவரும் கடைத்தெருவிலிருந்து அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஒன்றாகத்தான் படி ஏறினார்கள். பாதியில் யஹ்யா நின்றார். ஓரத்து மரத்தில் படர்ந்திருந்த மிளகுக் கொடியின் இலையைப் புரட்டிப் பார்த்தார். கொஞ்சம் மேலே போய் இன்னொரு கொடியைப் பார்த்தார். கொடியில் நல்ல அக்கறையுள்ள மனிதர் என்று வாகினி நினைத்துக்கொண்டாள்.

அவருடைய மனைவி நோனா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். அதிலிருந்த சீனியை நினைத்தாலே வாகினிக்குப் பல் கூசும்.

"சிங்களத்துல கேட்டாலும் பரவால்ல மிஸ், எனக்கு ரெண்டும் ஒண்டு தான்" என்றார் யஹ்யா.

"வேண்டாம் நானா, எங்கட பாஷையிலயே கேக்கிறன்" என்றாள் வாகினி. அதைச் சொல்லும்போது அவளுக்கு இருந்த பெருமையை மறைக்க முடியாது.

கேள்விகள் போயின. சிகரெட் ஒரு நாளைக்கு ஏழு, எட்டு. வெற்றிலை கணக்கில்லை. கருவாடு இல்லாத சாப்பாடு இல்லை. பிரஷர் மேல் அளவு நூற்று நாற்பத்தாறு. வாப்பா எப்படி இறந்தார் என்று கேட்டபோது, "கேஸ்ல மௌத்தானாரு" என்றார், வயிற்றுக் காற்றைச் சொல்லி. மூத்த நானாவும் அப்படித்தானாம்; கேஸ் நெஞ்சுக்கு ஏறி, தம்புள்ளையில் இஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிட்டாராம். படிவத்தில் கேஸ் என்று ஒரு கட்டம் கிடையாது. வாகினி 'தெரியாது' என்று புள்ளடி போட்டாள். நெஞ்சு நோவு இருக்கிறதா என்ற கேள்விக்கும், "நோவு இல்ல மிஸ், சும்மா கேஸ் தான்" என்று பதில் வந்தது. அதற்கு 'இல்லை'.

பிறகு பதினான்காம் கேள்வி வந்தது.

"மேடு ஏறும்போது, இல்லாட்டி கெதியா நடக்கும்போது உங்களுக்குக் களைக்கிறதோ நானா? களைப்பு வாறதோ?"

யஹ்யா நிமிர்ந்து உட்கார்ந்தார். "களைப்பா? எனக்கா? பதினெட்டு வயசுலேந்து மூட்ட தூக்குறேன் மிஸ். களைப்புண்டு ஒரு நாளு படுத்ததில்ல. வேணுண்டா நோனாட்ட கேளுங்க."

"மனுசனுக்குக் களைப்பே இல்ல" என்றார் நோனா. "அதப் பாத்துப் பாத்து எனக்குத் தான் களைப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். வாகினியும் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள்.

பிரஷர் நூற்று எண்பதுக்கு மேல் இருந்தால், அல்லது நெஞ்சுக் கேள்விக்கோ மூச்சுக் கேள்விக்கோ 'ஆம்' வந்தால், சிவப்பு அட்டை. சிவப்பு அட்டைக்காரர்களுக்கு ஈசிஜி எடுக்கும் வண்டி வரும், டொக்டர் பார்ப்பார். மற்றவர்களுக்குப் பச்சை அட்டை. உடனடிப் பரிசோதனை தேவையில்லை என்று அதில் மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தது. வாகினி பச்சை அட்டையை நீட்டினாள். உப்பைக் குறையுங்கள், சிகரெட்டை விடுங்கள் என்று சொல்லவேண்டியதைச் சொன்னாள். யஹ்யாவின் காதில் அது ஏறவில்லை. அவர் அட்டையை மனைவியிடம் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா? ஆறு மாசமா ஆஸ்பத்திரிக்குப் போங்க போங்கண்டு உசிர வாங்கினியே. இந்தா, கவுருமேந்தே எழுதித் தந்திருக்கு."

நோனா அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவர் முகம் தெளிந்ததை வாகினி கண்ணால் கண்டாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு படி இறங்கினாள்.

ஐந்து வாரம் கழித்து ஈசிஜி வண்டி நாவுலவுக்கு வந்தது. சிவப்பு அட்டைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். வரிசையைப் பார்த்து நிமலனுக்கு மகிழ்ச்சி. தமிழ்ப் படிவத்தில் மூச்சுக் கேள்விக்கு எவ்வளவு 'ஆம்' வந்திருக்கிறது, ஆட்கள் மனம்விட்டுப் பேசியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாகினிக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் இளம் பெண்கள்.

முதலில் உள்ளே போனது ஸரீனாவின் மைத்துனி ஆதிபா. இருபத்து மூன்று வயது, நோஞ்சான் என்று சொல்ல முடியாத உடம்பு. வண்டியில் இருந்த தாதி சிங்களத்தில்தான் கேட்டாள்: "ஹத்தி எனவத?" மூச்சு வாங்குமா என்று பொருள்.

"ஹத்தியா? அதெல்லாம் இல்லியே" என்றாள் ஆதிபா. பிறகு சிங்களத்தில், ஹத்தி இல்லை, மஹன்சி தான் என்று சொன்னாள். ஒன்பது பேருக்குச் சமைத்துவிட்டு இரண்டு பிள்ளைகளையும் பார்த்தால் உடம்பு அசதியாக இருக்காதா என்று தாதியையே திருப்பிக் கேட்டாள்.

தாதி படிவத்தைப் பார்த்தாள். வாகினியைப் பார்த்தாள். மூச்சு வாங்குகிறது என்று இவள் சொன்னதாக இதில் இருக்கிறதே என்று சிங்களத்திலேயே கேட்டாள்.

வாகினி ஸரீனாவின் பக்கம் திரும்பினாள். கேட்கும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. "ஸரீனா, இங்க களைப்பு எண்டா என்ன?"

"களைப்புண்டா களைப்பு தான் மிஸ். வேலை செஞ்சி அலுத்துப் போறது."

"அப்ப படி ஏறி, இப்பிடி..." வாகினி வாயைத் திறந்து மூச்சிரைத்துக் காட்டினாள்.

"அது மூச்சு வாங்குறது. அத ஏன் களைப்புங்கணும்?" ஸரீனா சிரித்தாள். பிறகு வாகினியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

கோண்டாவிலில் மூச்சு வாங்குவதற்கே களைப்பு என்றுதான் பெயர். ஓடிவந்து வாசலில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து, "ஏன் பிள்ளை இப்பிடிக் களைக்குது?" என்று கேட்பார்கள். அம்மம்மாவுக்கு இருதயம் பலவீனப்பட்டபோது வீடு முழுக்க அதே பேச்சுத்தான். இண்டைக்குக் களைப்புக் கூட, இண்டைக்குக் களைப்புக் குறைவு. அந்தச் சொல்லுக்கு இன்னொரு வீட்டில் இன்னொரு பொருள் இருக்கும் என்று வாகினிக்குத் தோன்றவே இல்லை. சிங்களத்தில் கேட்டிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. அந்த மொழியில் மூச்சுக்கு ஒரு சொல், அசதிக்கு ஒரு சொல். சிங்களத்தில் கேட்டாலும் பரவாயில்லை என்று அந்த மனிதர் தன் வாயாலேயே சொன்னார். வேண்டாம் என்றவள் அவள்தான்.

அவளுக்கு அந்த மிளகுக் கொடிகள் ஞாபகம் வந்தன. கொடியில் அக்கறையாவது மண்ணாவது. அந்த மனிதர் மூச்சு வாங்க நின்றிருக்கிறார்.

நிமலனிடம் அன்றைக்கே சொன்னாள். நிமலன் கெட்டவரல்ல; கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். அவராலும் ஒன்றும் ஆகவில்லை. முதல் சுற்றுத் தரவுகளைக் கொழும்புக்கு அனுப்பிப் பூட்டியாகிவிட்டது. அட்டைகளைத் திரும்ப வாங்க விதியில் இடமில்லை. ஈசிஜி வண்டி பெயர்ப்பட்டியலோடுதான் வரும். பட்டியலில் இல்லாதவரை ஏற்றமாட்டார்கள். "ஒரு குறிப்பு எழுதித் தாங்கோ. அடுத்த சுற்றில மாத்துவம்" என்றார். அடுத்த சுற்று நான்கு மாதம் கழித்து. நானூற்றுச் சொச்சம் தமிழ்ப் படிவங்கள். அவற்றில் எத்தனை பேர் களைப்பே இல்லை என்று மார்தட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்? எல்லோரையும் தேடிப் போக அவளால் முடியாது. ஒருவரையாவது பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஸரீனாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் படிகளை ஏறினாள்.

யஹ்யா தம்புள்ளையிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பச்சை அட்டை கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் காட்டிவிட்டாராம்.

"நானா, படி ஏறக்க உங்களுக்கு மூச்சு வாங்குமோ?"

"அது வாங்காம? அறுவது படி மிஸ்! ரெண்டு எடத்துல நிண்டு தான் வாறது. ஒரு வருசமா அப்பிடித் தான்."

ஒரு வருடமாக! வாகினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, நடந்ததைச் சொன்னாள். தன் சொல் பிழைத்துவிட்டது, அந்த அட்டை சரியில்லை, வாப்பாவும் நானாவும் கேஸால் இறந்திருக்கமாட்டார்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். நோனா கதவோரத்தில் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

யஹ்யா சுவரிலிருந்த அட்டையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "போன மாசம் நீங்க தானே மிஸ் ஒண்டும் இல்லண்டு எழுதித் தந்தீங்க. இண்டைக்கி நீங்களே வந்து நோய்ங்கிறீங்க. நான் எத நம்புற?"

"இப்ப சொல்லுறத நம்புங்கோ. நாளைக்கே நான் கூட்டிக்கொண்டு போறன்."

"நாளைக்கி ஏலாது. நாவுலயில ரெண்டு லொறி பூசணிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். வெள்ளிக்கெழம வீட்டுல தானே. அண்டைக்கிப் போவம்."

"நாளைக்கே போங்களே" என்றார் நோனா.

"நீ சும்மா இரி. இந்த அட்டையப் பாத்து நீயும் சந்தோசப்பட்டவ தானே?"

வாகினி கெஞ்சினாள். ஸரீனா தன் பங்குக்குத் திட்டினாள். அந்த மனிதரைக் கட்டித் தூக்கிக்கொண்டா போக முடியும்? வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி என்று பேச்சாகியது. அவள் படி இறங்கும்போது மேலேயிருந்து, "பயப்படாதீங்க மிஸ், வெள்ளிக்கெழம கட்டாயம்" என்று அவர் கத்திச் சொன்னது கேட்டது.

புதன்கிழமை தம்புள்ளையில், பூசணி இறக்கிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு அடைக்கிறது என்று லொறிப் பலகையில் உட்கார்ந்தாராம். கேஸ்தான் என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். அவரும் கேஸ்தான் என்றார். யாரோ இஞ்சி இடித்துக் கொண்டுவந்தார்கள். இன்னும் யாரோ சோடா உடைத்தார்கள். பாவம், ஒவ்வொருவரும் தெரிந்ததைச் செய்தார்கள். முக்கால் மணித்தியாலம் அப்படிப் போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஸரீனா தொலைபேசியில், "யஹ்யா நானா மௌத்தாயிட்டாரு மிஸ்" என்றபோது வாகினி பல்லேகம பஸ்ஸில் இருந்தாள். பை நிறைய அதே படிவங்கள். அடுத்த தரிப்பில் இறங்கி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வெயிலில் நின்றாள்.

ஜனாஸா அடக்கத்துக்கு அவள் போகவில்லை. போய் நிற்க முகம் இல்லை. பதினெட்டு நாள் கழித்து ஸரீனாதான் வந்து கூப்பிட்டாள். நோனா சரியாகச் சாப்பிடுவதில்லையாம். கால் வீங்கியிருக்கிறதாம். அறைக்கும் குசினி அடுப்படிக்கும் நடந்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாராம். "நீங்க வந்து ஒருக்கா பிரஷர் பாருங்க மிஸ். நான் சென்னா கேக்க மாட்டேங்கிறாங்க."

நோனா இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு மார்க்கத்தில் தடை இல்லை என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்தே சொல்லியனுப்பிவிட்டாராம். தடை வேறு எங்கோ இருந்தது.

உள்ளறையில் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார் நோனா. வெள்ளை முக்காடு. வாகினியைப் பார்த்ததும் "வாங்க மிஸ், இரிங்க" என்றார். அதில் கோபம் இருந்திருந்தால் வாகினிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. மன்னிப்புக் கேட்கவென்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துவைத்திருந்தாள். கருவியை எடுத்து அவர் கையில் சுற்றினாள். நூற்று எழுபத்தெட்டு. மறுபடி பார்த்தாள். நூற்று எண்பது; சிவப்பு அட்டைக்கு அதற்கும் மேலே வேண்டும். கணுக்காலை விரலால் அழுத்தினாள். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது.

படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இந்த முறை சொல் பிழைக்கக் கூடாது.

"அன்ரி, நடக்கக்க உங்களுக்கு மூச்சு வாங்குதோ?"

நோனா அவளையே பார்த்தார். மார்பு ஏறி ஏறி இறங்கியது. "இல்ல மிஸ்."

"ராவில படுத்தா மூச்சு முட்டுதோ?"

"இல்ல."

வாகினி சிங்களத்திலும் கேட்டாள். ஹத்தி எனவத? அதற்கும் இல்லை என்று தலையாட்டினார்.

"பொய் சொல்றாங்க மிஸ்" என்றாள் ஸரீனா. "குசினிலேந்து வந்து கால் மணித்தியாலம் பேச ஏலாம இருந்தத நான் பாத்தேன். தாத்தா, ஏன் இப்பிடி?"

நோனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். வாகினி பேனையைத் திறந்து, பதினான்காம் கேள்விக்கு நேரே 'ஆம்' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒருவர் சொல்லாததை அவள் எழுதியதில்லை. எழுதினாள். சிவப்பு அட்டையையும் எடுத்தாள்.

"என்ன போட்டீங்க?" என்றார் நோனா. "நானும் எட்டாம் வகுப்புப் படிச்சவ தான். குடுங்க பாப்பம்."

படிவத்தை வாங்கிப் பார்த்தார். விரலை அந்தப் புள்ளடியின் மேல் வைத்தார். பேசுவதற்கு அவருக்கு நேரம் எடுத்தது. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு இழுக்கவேண்டியிருந்தது.

"ஆறு மாசமா அவரப் போங்க போங்கண்டு நச்சரிச்சேன் மிஸ். நீங்க எழுதித் தந்த அண்டைக்கி விட்டுட்டேன். அவருக்கு வெளங்கல்ல. எனக்கு வெளங்கிச்சி. ராவுல அவரு மூச்சு விடுற சத்தம் எனக்குக் கேக்கும். கேட்டுட்டே இருந்து, எழுத்துல இல்லண்டு இரிக்குதேண்டு தூங்கினேன்."

வாகினியின் கண்ணிலிருந்து நீர் படிவத்தில் விழுந்தது. நோனா அதைத் தன் முக்காட்டு நுனியால் ஒற்றி எடுத்தார்.

"அழாதீங்க மிஸ். ஒங்கள நான் ஏசல்ல. ஆனா அவரு சென்னத நீங்க அப்பிடியே எழுதினீங்க. நான் சொல்றதயும் அப்பிடியே எழுதுங்க." படிவத்தைத் திருப்பி அவள் மடியில் வைத்தார். "வெட்டிட்டு, இல்லண்டு போடுங்க."

ஸரீனா அழுதுகொண்டே வெளியே போய்விட்டாள். வாகினி பேனையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு வருவேன், நாளை மறுநாளும் வருவேன் என்று சொல்ல நினைத்தாள். அவர் காத்துக்கொண்டிருந்தார். போடும்வரை அந்தக் கண்கள் பேனையை விட்டு அகலப் போவதில்லை என்று தெரிந்தது. வாகினி புள்ளடியை வெட்டி, பக்கத்துக் கட்டத்தில் 'இல்லை' என்று போட்டாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நோனா சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். அந்தச் சின்ன அறை முழுக்க அவருடைய மூச்சுச் சத்தம் கேட்டது.